பிரவுணியின் இரத்தமும் என் சீனியும்

மகன், போன வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்து நீ வழக்கம்போல "அம்மா, இந்த மாசம் சீனி எவ்வளவு?" என்று கேட்டாய். நான் கிளினிக் கொப்பியைப் பார்த்து இலக்கத்தைச் சொன்னேன். உன் முகம் மலர்ந்தது. "அப்ப பயமில்ல, இன்னும் ரெண்டு வருசத்துக்கு வேலைக்குக் கையெழுத்து வைக்கிறன்" என்றாய். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். கொப்பியில் அந்த இலக்கம்தான் எழுதியிருக்கிறது, நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. ஆனாலும் நான் உனக்குச் சொன்னது பொய். அந்தப் பொய்யை நம்பி நீ டோஹாவில் இரண்டு வருடம் இருக்கப் போகிறாய் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் திருத்தலாம் என்றால், உன் முகத்தைக் கண்டதும் என் வாய் மறுபடியும் "நல்லா இரிக்கன்" என்றுதான் சொல்லும். அதனால்தான் லீவில் வந்து திரும்பும் உன் கூட்டாளியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். கையெழுத்து வைக்க முன் முழுவதையும் வாசி. என் சீனியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் பிரவுணியின் இரத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாய்க்கதை எதற்கு என்று பக்கத்தைத் தள்ளிவிடாதே.

பிரவுணிக்கு வருத்தம் வந்ததையே நான் உனக்குச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு முந்திய கதை இது. நீ குட்டியாகத் தூக்கி வந்து, போகும்போது "அம்மாக்குத் துணைக்கு" என்று என்னிடம் விட்டுப்போன நாய் என்பதால் சொல்லப் பயம். காலையில் ரொட்டி விற்கும் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால் இவன் வாசலில் நின்று ஊளையிடுவான் அல்லவா. ஒரு நாள் ஓட்டோ வந்து போனது, இவன் தலையைத் தூக்கவில்லை. வெயிலாக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு கிழமையில் விலா எலும்பை எண்ணலாம் போல் ஆகிவிட்டான். கஞ்சி கொடுத்தால் இரண்டு நக்கு நக்கிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். பிறகு ஓட்டோ பிடித்துச் செங்கலடியில் இருக்கும் மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன். டொக்டர் ஒரு இளம் பிள்ளை, உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பிரவுணியின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க ரீச்சர், இவர்ட பல் முரசு எப்பிடி வெளுத்துக் கிடக்கு. வரக்குள்ள கஞ்சி குடுத்த எண்டு சொல்றீங்க, அப்ப நாளைக்குக் காலையில இரத்தம் எடுப்பம். இண்டைக்கு எட்டு மணிக்குப் பிறகு தண்ணி மட்டும்தான். வேற ஒண்டும் குடுக்கப்படா." எந்த ஊரில் போய் நின்றாலும் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரே என் வியாதி என்று இப்போது நினைக்கிறேன்.

உன் அம்மா முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். உண்மையைச் சொன்னால், சோதனைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்தவள், அவ்வளவுதான். எது வரும், எது வராது, எதை எப்படி எழுதினால் புள்ளி கிடைக்கும் என்பதில் நான் கெட்டிக்காரி. உன்னையும் விடவில்லை. ஒன்பதாம் வகுப்பில் குருதி பற்றிய பாடம் முழுவதையும் உனக்குப் பாடமாக்கித் தந்தேன். சோதனை முடிந்து வந்து நீ "அம்மா, இனி இத மறக்கலாம்தானே?" என்று கேட்டாய். கெட்டித்தனமான பிள்ளை என்று நான் சிரித்தேன். கிளினிக்கும் எனக்கு அப்படியொரு சோதனைதான். மாதம் ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள். அதற்கு நாலு நாள் முன்பிருந்து குரக்கன் ரொட்டி, பாகற்காய்ச் சாறு, சீனியில்லாத தேயிலை, பின்னேரம் வாவிக் கரைவரை நடை. அந்த நாளில் இலக்கம் நன்றாக வரும். நேர்ஸ் பிள்ளை மற்றவர்களைப் பார்த்து "ரீச்சரைப் பாத்துப் படியுங்க" என்பாள். வெளியே வந்ததும் சந்தியில் பூந்தி லட்டு வாங்கிக் கொண்டுதான் பஸ் ஏறுவேன். நான் மட்டும் என்று நினைக்காதே. அங்கே வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாரும் இதே ஆட்கள். "எத்தின நாளாப் பத்தியம்கா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வோம். ஐந்து நாள் என்பவளைப் பார்த்து மூன்று நாள்காரி பொறாமைப்படுவாள்.

அப்படிப்பட்டவளுடைய நாய் நாளைக்கு இரத்தச் சோதனைக்குப் போகிறது. வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வருமா? எலும்பும் தோலுமாகப் போய் நின்றால் இரத்தமும் எலும்பும் தோலுமாகத்தானே இருக்கும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. விடியற்காலை எழும்பி ஆட்டு ஈரலை அவித்து, இரண்டு முட்டை உடைத்துப் போட்டு, சட்டியில் இருந்த எருமைத் தயிரை ஏடோடு அள்ளி ஊற்றிப் பிசைந்து, கையால் ஊட்டினேன். அவனுக்குப் பசியே இல்லை. எனக்காகச் சாப்பிட்டான். ஒவ்வொரு வாயையும் விழுங்கிவிட்டு, போதுமா என்று கேட்பதுபோல் பார்த்தான். முழுவதையும் தின்ன வைத்துவிட்டு, "இனிப் பாஸ்தான்டா" என்று தலையைத் தடவினேன். இதைத்தான் உனக்கு ஒளிக்க நினைத்தேன் மகன்.

ஒன்பது மணிக்கு டொக்டர் பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், காலையில என்னத்தயும் சாப்பிட்டவரா?"

"இல்ல" என்றேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னேன்.

முன்காலில் ஒரு சிறிய இடத்தில் மயிரை வழித்து, நரம்பைத் தேடி, மெல்லிய ஊசியால் எடுத்தாள். பிரவுணி சத்தம் போடவில்லை, என் முழங்கையில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றான். ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம், சிவப்பு மூடிக் குழாயில் கொஞ்சம். ஊதாவில் இரத்தம் உறையாமலிருக்க மருந்து இருக்கிறதாம், அதில் செங்குழியம், வெண்குழியம் என்று இரத்த அணுக்களை எண்ணுவார்கள். சிவப்பில் இரத்தத்தை உறைய விட்டு, சுழற்றி, மேலே தெளிந்து வரும் நீரில் ஈரல், சிறுநீரகம், சீனி எல்லாம் பார்ப்பார்கள். தெளிந்த நீர் வைக்கோல் நிறத்தில் இருக்கும் என்று நானே கரும்பலகையில் மஞ்சள் சுண்ணக்கட்டியால் எத்தனையோ முறை கீறியிருக்கிறேன். இயந்திரம் சுழன்று நின்றது. அவள் குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கீழே சிவப்பு இருந்தது. மேலே இருந்தது மஞ்சள் இல்லை, தேங்காய்ப்பால் போன்ற வெள்ளை.

நான் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அது என் தயிர். மூன்று மணி நேரத்துக்கு முன் என் கையில் இருந்த எருமைத் தயிரும் ஈரல் நெய்யும் ஒரு சின்னக் குழாய்க்குள் வந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உணவு சமித்து, உறிஞ்சப்பட்டு, குருதியில் சேர்கிறது என்று வாயால் எத்தனை வருடம் சொல்லியிருப்பேன். சேர்ந்துவிட்டதைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். மேனி சிலிர்த்துப் போய் நின்றேன். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் இருண்டு போயிருந்தது. "வெறும் வயித்தோட இவ்வளவு கொழுப்பு நிக்கப்படா ரீச்சர். கொழுப்பச் சமிக்க வைக்கிற சதையியில பெரிய பிழை ஏதும் இரிக்கலாம். இவர இண்டைக்கே மறிச்சு வச்சு சேலைன் ஏத்துவம். வாயால ஒண்டும் குடுக்கேலா. மறுகா வேற சோதனைகளுக்கு வெளிய அனுப்ப வேணும்" என்று சொல்லிக்கொண்டே கையுறையை மாற்றினாள். இல்லாத வியாதிக்கு அவனைப் பட்டினி போடப் போகிறாள், உள்ள வியாதி உள்ளே கிடந்து அவனைத் தின்னப் போகிறது. என் ஒற்றைச் சொல்லை அவள் அப்படியே நம்பிவிட்டாள். பொய்யை நம்புகிறவர்களின் முகம் எவ்வளவு பாவம் என்று அப்போதுதான் பார்த்தேன்.

"டொக்டர், நான் சாப்பாடு குடுத்தனான்" என்றேன். என்ன கொடுத்தேன் என்று கேட்டாள். ஈரல், முட்டை, தயிர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வகுப்பில் பிட் அடித்துப் பிடிபட்ட பிள்ளைகள் என் முன்னால் எப்படி நின்றார்களோ அப்படி நின்றேன். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு, "என்னத்துக்கு ரீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். "இரத்தம் நல்லா வரட்டும் எண்டு" என்றேன். "நல்லா வரத் தேவையில்ல. உள்ளத உள்ளபடி வந்தாத்தான் நான் இவருக்கு ஏதும் செய்யலாம்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ஊதா மூடிக் குழாயைக் கையில் எடுத்தாள். "இந்த நீரை வச்சு ஈரலையும் சிறுநீரகத்தையும் இண்டைக்குச் சரியாப் பாக்கேலா, இயந்திரம் குழம்பும். நாளைக்கு மறுபடி எடுப்பம். இது பரவாயில்ல. குழியத்தப் பாக்கிறதுக்குத் தயிர் மறைக்காது" என்று ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் வைத்து இன்னொரு தட்டால் இழுத்தாள். விரல் நுனி அளவு மெல்லிய பூச்சு. காயவிட்டு, நிறமூட்டி, கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கதிரையை எனக்கு விட்டு எழும்பி, "வாங்க ரீச்சர், நீங்களே பாருங்க" என்றாள்.

மகன், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது, உனக்கு நினைவிருக்கும். அது அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். பரிசோதகர் வரும் நாளில் மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து மேசையில் வைப்பேன். அப்படியொரு நாளில் நீ வரிசையில் நின்று "ரீச்சர், அதுக்குள்ள ஒருக்காப் பாக்கலாமா?" என்று கேட்டாய். பள்ளிக்கூடத்தில் நீயும் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது என் சட்டம். "தொடாத, கண்ணாடி கீறும்" என்றேன். பரிசோதகர் போனபின் மறுபடியும் பூட்டினேன். ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் இரத்தத்தை அதில் வைத்துப் பார்த்ததில்லை. செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு என்று கீறிக் காட்டி, பெயர் எழுத வைத்து, புள்ளி போட்டு, ஓய்வூதியமும் எடுத்துவிட்டேன். அறுபத்து நாலு வயதில், செங்கலடியில் ஒரு நாயின் இரத்தத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன்.

எப்படிச் சொல்வேன்? கண்ணை நுணுக்குக்காட்டியின் குழாயில் வைத்ததும் முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு திடீரென்று வெளிச்சம், அதற்குள் வட்டம் வட்டமாக, வட்டம் வட்டமாக, எண்ணி முடியாத செங்குழியங்கள். நடுவில் கொஞ்சம் வெளிறி, ஓரம் தடித்து, ஒன்றை ஒன்று இடிக்காமல் கிடந்தன. இடையிலே ஊதா நிறத்தில் பெரிதாக ஒரு வெண்குழியம், ஊருக்குள் வந்த யானை மாதிரி. நான் கரும்பலகையில் கீறியது எதுவும் அங்கே இல்லை, நான் கீறியது வெறும் வட்டம். ஒரு துளியில் இவ்வளவு என்றால், என் மடியில் தலை வைத்துப் படுக்கும் இந்த உடம்புக்குள் எவ்வளவு. நான் தடவிக் கொடுக்கும்போதெல்லாம் என் உள்ளங்கைக்குக் கீழே இத்தனையும் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன, ஒரு நாளும் நான் அறியவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்க வேண்டும், கண்ணைத் துடைக்கப் பஞ்சு எடுத்துத் தந்தாள். பிறகு மெல்லத் தட்டை நகர்த்தி, "இப்ப நடுவில இருக்கிற குழியத்தக் கவனிங்க" என்றாள். அதற்குள் ஒரு குட்டி மோதிரம் இருந்தது, ஊதாக் கல் வைத்த மோதிரம் போல. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். "அதுதான் ஆள். உண்ணி கடிச்சு வந்தது. குழியத்துக்குள்ள இருந்து கொண்டு உடைக்குது. இவர் வெளுத்ததுக்குக் காரணம் இதுதான்" என்றாள். உண்ணிக் காய்ச்சல். காதுக்குள் உண்ணி பார்க்கச் சொல்லி நீ ஒவ்வொரு முறையும் சொல்வாய், நான் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்பேன். அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

அடுத்த நாள் காலையில் அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவன் சட்டியைப் பார்த்தான், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்குச் சுழன்று நின்ற குழாயில் மேலே நின்றது வைக்கோல் நிறம். தெளிந்து, கண்ணாடி போல. உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்தைத் தாங்க ஈரலும் சிறுநீரகமும் சரியாக இருக்க வேண்டுமாம், அதற்காகத்தான் அந்த இலக்கங்கள். வந்த கடதாசியை என் கிளினிக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, பலது ஒத்துவரவில்லை என்று நான் பதறிவிட்டேன். டொக்டர் சிரித்துவிட்டாள். "ரீச்சர், அது உங்கட வரம்பு, இது இவர்ட வரம்பு." நாய்க்கு நாயின் அளவு, பூனைக்குப் பூனையின் அளவு. ஈரலில் ஒரு இலக்கம் கொஞ்சம் கூடியிருந்தது. ஈரல் குழியத்துக்குள் இருக்க வேண்டிய சாமான் இரத்தத்தில் கிடந்தால் எங்கோ குழியம் சேதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், எவ்வளவு என்பதை ஒரு கடதாசி சொல்லாது, இரண்டு கிழமை கழித்து இன்னொன்று எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும் என்றாள். "சுகமா இரிக்கக்குள்ள ஒருக்கா எடுத்து வச்சிருந்தீங்க எண்டா இன்னும் லேசு" என்றும் சொன்னாள். நீ அங்கே ஒரு பூனை வளர்க்க ஆசை என்றாயே, வளர்த்தால் இதை மறக்காதே. ஓடி விளையாடும் நாளில் ஒருமுறை அதன் இரத்தத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொள். சாப்பாடு கொடுக்காதே என்றால் கொடுக்காதே. கொடுத்துவிட்டால் கொடுத்தேன் என்று சொல்.

மருந்து கொடுத்து இரண்டு கிழமை கழித்து, மூன்றாவது முறை இரத்தம் எடுத்தபோது செங்குழியம் கூடியிருந்தது. அதற்கு முந்திய நாள் காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, பாண் ஓட்டோ வந்தபோது பிரவுணி எழும்பி வாசலில் நின்று ஊளையிட்டான். நான் சமையலறையில் நின்று அழுதேன். கடதாசியைப் படித்து முடித்த சந்தோஷத்தில் டொக்டர் பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன், "எனக்கும் சீனி வருத்தம்தான், ஆனா என்ட சோதனை எப்பவும் நல்லா வரும்." அவள் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே கேட்டாள்: "எத்தின நாளைக்கு முன்னால இருந்து பத்தியம் ரீச்சர்?" நான் கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். "என்ட அம்மாவும் அப்பிடித்தான்" என்றாள். பிறகு பேனையை வைத்துவிட்டுச் சொன்னாள். செங்குழியம் ஒன்று மூன்று நாலு மாதம் உயிரோடு இருக்குமாம். நாம் தின்னும் சீனி அதில் போய் ஒட்டிக்கொள்ளுமாம், ஒட்டினால் அது சாகும்வரை போகாதாம். அதை அளக்க ஒரு சோதனை இருக்கிறது, மூன்று மாதத்தையும் சேர்த்துச் சொல்லும். "அதுக்கு நாலு நாள் பாகற்காய் காணாது" என்றாள்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் மறந்துவிட்ட லட்டை என் இரத்தம் மறக்கவில்லை. நீ போன பிறகு தனியாக இருந்து சாப்பிட்ட ஒவ்வொரு பின்னேரத்தையும் அது சுமந்துகொண்டு ஓடுகிறது. யாரும் கேட்கவில்லை, நேர்ஸ் கேட்கவில்லை, நீ கேட்டதற்கும் நான் சொல்லவில்லை. ஆனாலும் அது எழுதி வைத்திருக்கிறது. எனக்குப் பயம் வரவில்லை மகன், கோயிலில் திரை விலகும்போது வருமே ஒரு நடுக்கம், அதுதான் வந்தது. ஆனால் அந்த நடுக்கத்தோடு நேரே லாபுக்குப் போனேன் என்று நினைத்துவிடாதே. இரண்டு மாதம் நாளைக்கு நாளைக்கு என்று கடத்தினேன். போன வெள்ளிக்கிழமை நீ கையெழுத்து என்ற பிறகுதான் கால் எழும்பியது. திங்கட்கிழமை டவுனுக்குப் போய்க் கை நீட்டினேன். காலையில் பாணும் சம்பலும் தின்றுவிட்டுத்தான் போனேன். இந்தச் சோதனைக்கு வயிறு வெறுமையாக இருக்கத் தேவையில்லையாம்.

இலக்கம் இதோடு வைத்திருக்கும் கடதாசியில் இருக்கிறது. நல்லதில்லை. கிளினிக் டொக்டரிடம் காட்டினேன், அவர் மருந்தைக் கூட்டி, கண்ணையும் சிறுநீரகத்தையும் பார்க்க எழுதினார். இரண்டிலும் இன்னும் பழுதில்லை. இதில் நான் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வா என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. முடிவு உன்னுடையது. ஆனால் என்னைப் பற்றி உள்ளது உள்ளபடி உன் கையில் இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் நீ எப்போதும் அதே நீலச் சட்டையோடு வருகிறாய். மடிப்புக் கலையாமல், அதே வெள்ளைச் சுவருக்கு முன்னால், தலை வாரி நிற்கிறாய். நான் எப்படி இருக்கிறாய் என்று கேட்க முன்பே "நல்லா இரிக்கன் அம்மா" என்கிறாய். உன் அறையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நீ யார் வளர்த்த பிள்ளை என்று எனக்குத் தெரியும். சோதனைக்கு முன் எப்படி ஆயத்தமாவது என்று உனக்குச் சொல்லித் தந்தவள் நான்தானே.

என் மூன்று மாதத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உன்னுடையதை எனக்கு எழுது.

அம்மா